ஜூன் 5 மே 6 ஆன கதை: பாண்டாஸ், டேட்யூட்டில் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் பாண்டாஸ், டேட்யூட்டில் ஆகிய இரண்டு நிரல் நூலகங்களையும் பராமரிக்கிறவர்களுக்கு,

எழுத்தாக வரும் தேதியைப் படித்துக் கொடுக்கும் உங்கள் ஃபங்ஷன்களில் இரண்டு டீஃபால்ட்கள், அதாவது யாரும் எதுவும் சொல்லாதபோது தானாக எடுத்துக்கொள்ளும் முடிவுகள், இருக்கின்றன. ஒன்று, நாள் முதலில் வருகிறதா என்று சொல்லும் டேஃபர்ஸ்ட் என்ற ஆர்கியுமென்ட்டை யாரும் கொடுக்காவிட்டால் அதை ஃபால்ஸ், அதாவது இல்லை, என்று வைத்துக்கொண்டு 05/06/2022 என்பதை மே 6 என்று படிப்பது. இன்னொன்று, தேதியில் ஏதாவது ஒரு பகுதி இல்லாமல் இருந்தால் அந்த ஓட்டையை இன்றைய தேதியைக் கிழித்து ஒட்டி அடைப்பது. முதலாவது உங்கள் இருவருக்கும் பொது, இரண்டாவது டேட்யூட்டிலுக்கு மட்டும். இரண்டையும் மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதியிருக்கிறானே, எப்படிப் படிப்பது என்று யோசிக்கலாம். எழுதியவன் என்ன நினைத்தான் என்று கேட்காமலே ஊகித்துக்கொள்வது உங்கள் நூலகங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் இந்த ஒரு தடவை தெரிந்தவர் யாரிடமாவது கேட்டே படியுங்கள்.

எனக்கு ஈரோட்டில் வேலை. ஏழு பேர் இருக்கிற சின்ன கம்பெனி, மண்டிக் கணக்கு, ஜவுளிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எது வந்தாலும் செய்வோம். 2022 மே மாதக் கடைசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி ஞாபகப்படுத்தும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிற வேலையைச் செய்து கொடுத்தோம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அவர்களுடைய சாஃப்ட்வேர் அன்றைக்குப் பிறந்த குழந்தைகளின் பட்டியலை ஒரு சி.எஸ்.வி. ஃபைலாக எழுதி வைக்கும். எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பாண்டாஸில் படித்து, பிறந்த தேதியை, எழுத்தைத் தேதியாக மாற்றும் டு டேட்டைம் ஃபங்ஷனில் போட்டு, அதோடு ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம் கூட்டி வைத்துக்கொள்ளும். அந்தந்தத் தேதி காலையில் அம்மாவின் நம்பருக்கு மெசேஜ் போகும். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடுகிறார்களே, பென்டாவேலன்ட், அதன் மூன்று தவணைக்கும் இதுதான் கணக்கு.

மே 23 முதல் 31 வரை சோதித்தோம். ஒவ்வொரு ராத்திரியும் வந்த ஃபைலை எடுத்து, பிரசவப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஆறு வாரக் கணக்கைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கூடப் பார்த்தோம். ஒரு தப்பும் இல்லை. பாண்டாஸ் மட்டும் லாகில் தினம் ஒரு வார்னிங் எழுதிக்கொண்டே இருந்தது. இந்தத் தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் படிக்கிறேன், ஃபார்மட்டைச் சொன்னால் நல்லது என்று. நாள்-மாதம்-ஆண்டுதானே எங்களுக்கும் வேண்டியது, அப்புறம் என்ன என்று வார்னிங்கை அடக்கி வைத்துவிட்டு ஜூன் 1 முதல் ஓடவிட்டோம். வார்னிங்கை அடக்கியது எங்கள் தப்பு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அடக்காமல் விட்டிருந்தாலும் ஜூன் 1 முதல் 12 வரை அந்த வார்னிங் வந்திருக்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 17, வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் அக்கா போன் செய்தார். வரவேற்பறையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள், கூட அவளுடைய அம்மா, கோபியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள், கையில் எங்கள் மெசேஜ். முதல் தவணைத் தடுப்பூசி இன்று என்று அதில் இருக்கிறது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். "பச்சை உடம்போட எதுக்கு அம்மிணி பஸ்ஸுல வந்தீங்கன்னு கேட்டா, நீங்கதானுங்க வரச் சொன்னீங்கன்னு போனைக் காட்டுறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும் தம்பி?" என்றார் அக்கா. போனில் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

குழந்தை பிறந்தது ஜூன் 5. ஃபைலில் 05/06/2022. பாண்டாஸ் படித்தது மே 6. மே 6-இலிருந்து ஆறு வாரம் ஜூன் 17. உண்மையில் வரவேண்டிய நாள் ஜூலை 17.

அன்று மத்தியானம் உட்கார்ந்து முதல் பன்னிரண்டு நாள் ஃபைலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஜூன் 1-இல் பிறந்த குழந்தைகள் ஜனவரி 6-இல் பிறந்ததாக இருந்தன. மூன்று தவணையும் ஏப்ரலோடு முடிந்துபோன கணக்கு, ஆகவே அவர்களுக்கு எந்த மெசேஜும் போயிருக்காது, யாரும் போன் செய்து திட்டவும் போவதில்லை. ஜூன் 3-இல் பிறந்தவர்கள் மார்ச் 6. அவர்களுக்கு ஒன்பது நாள் வயதில் மூன்றாவது தவணைக்கு அழைப்பு போயிருந்தது. பார்த்த அம்மாக்கள் எங்களைவிட விவரமானவர்கள், ராங் மெசேஜ் என்று விட்டுவிட்டார்கள். ஜூன் 6 மட்டும் தப்பித்தது, ஏனென்றால் 06/06 எப்படித் திருப்பினாலும் 06/06. ஜூன் 12-இல் பிறந்த குழந்தை டிசம்பர் 6-இல் பிறக்கப் போவதாக இருந்தது. அதற்கு முதல் தவணை மெசேஜ் 2023 ஜனவரி 17-இல் போயிருக்கும், போடவேண்டிய ஜூலை 24-ஐத் தாண்டி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரி, ஒரு பிசகு இல்லை. சாயங்காலம் நர்ஸ் அக்கா பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லச் சொல்ல நாங்கள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து தேதியைத் திருத்திச் சொன்னோம். முடிக்க ராத்திரி எட்டரை ஆனது.

இனி அந்த வார்னிங்குக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. 23/05/2022 என்பதை ஒரே ஒரு விதமாகத்தான் படிக்க முடியும். இருபத்து மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அதற்கு நீங்கள் எச்சரிக்கிறீர்கள். 05/06/2022 என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டும் செல்லும், எது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கு மூச்சுக்கூட விடுவதில்லை. தெரிந்த இடத்தில் சத்தம், தெரியாத இடத்தில் மௌனம். எங்கள் லாக் அசுத்தமாக இருந்த நாளெல்லாம் கணக்கு சரி, சுத்தமாக இருந்த நாளெல்லாம் கணக்கு தப்பு. எந்த ஊரில் சார் இப்படி மணி அடிப்பார்கள்?

பாண்டாஸின் 2.0 பதிப்பில் இது மாறிவிட்டதே என்பீர்கள். 2023 ஏப்ரலில் 2.0 வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்னால் ஒரே நெடுவரிசையில் 12/06-ஐ டிசம்பர் 6 என்றும் அடுத்த வரியில் 13/06-ஐ ஜூன் 13 என்றும் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது முதல் மதிப்பைப் பார்த்து ஒரு ஃபார்மட்டை முடிவு செய்து, அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டு, பொருந்தாத வரி வந்தால் எரர் தருகிறீர்கள். நல்ல மாற்றம், பழைய நிரல்கள் உடையும் என்று தெரிந்தே தைரியமாகச் செய்தீர்கள். ஆனால் முதல் மதிப்பு 05/06 என்றால் அந்த ஃபார்மட் இன்னும் மாதம் முதலில்தான். டேஃபர்ஸ்ட்டின் டீஃபால்ட்டை அப்படியே விட்டுவிட்டீர்கள். எங்கள் ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு நாளுக்கு ஒரே தேதிதான், எல்லா வரியும் 05/06. அதை இன்றைக்கு 2.0-இல் ஓட்டினாலும் ஒரு எரர், ஒரு வார்னிங் கிடையாது, சத்தமில்லாமல் மே 6. மேலும், ஒரே ஃபைலை இறங்கு வரிசையில் அடுக்கினால் முதல் வரி 30/06, எல்லாம் சரியாகப் படிக்கப்படும், கூடவே ஒரு திட்டும் விழும். ஏறு வரிசையில் அடுக்கினால் முதல் வரி 01/06, எரர். வரிசையை மாற்றினால் தேதியின் அர்த்தம் மாறுவது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லை, பள்ளிக்கூடக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாள் இரண்டு விதமாகப் படிக்கக்கூடியவை, வருஷத்துக்கு 144 நாள். அதில் 1/1, 2/2 என்று திருப்பினாலும் மாறாத பன்னிரண்டைக் கழித்தால் 132. நாளை முதலில் எழுதுகிற ஒருவருக்கு வருஷத்தில் 132 நாள் தேதி கெடும், மிச்ச நாளெல்லாம் சரியாக இருக்கும். எப்போதும் கெட்டிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் கெடுவதால்தான் மாதக் கடைசியில் சோதித்துவிட்டு ஒன்றாம் தேதி மாட்டிக்கொள்கிறோம். பில்லிங் முடித்து மூச்சு விடுகிற மாதக் கடைசியில்தானே எல்லாக் கம்பெனியிலும் புது வேலையைச் சோதிப்பார்கள்.

2.0 தருகிற அந்த எரரும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். போன வருஷம் ஒரு மஞ்சள் மண்டிக்கு மாதாந்திர விற்பனை ரிப்போர்ட். ஏப்ரல் மாத ஃபைல், முதல் வரி 01/04. பதின்மூன்றாம் தேதி வரி வந்ததும் எரர். அன்று ராத்திரி பணியில் இருந்தது சேர்ந்து மூன்று மாதம் ஆன தம்பி. காலையில் முதலாளி கைக்கு ரிப்போர்ட் போகவேண்டும் என்ற பதற்றத்தில் தேடிப் பார்த்து, எரர்ஸ் என்ற ஆர்கியுமென்ட்டுக்குக் கோயர்ஸ் என்று கொடுத்தால் எரர் போய்விடும் என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான். போய்விட்டது. 13 முதல் 30 வரை எல்லா வரியும் தேதியில்லாத வரியாக மாறி, வரிகளைத் தொகுக்கும் குரூப்-பை ஃபங்ஷனில் போடும்போது ஓசையில்லாமல் உதிர்ந்துவிட்டன, அதுவும் உங்கள் இன்னொரு டீஃபால்ட். மிச்சம் இருந்த பன்னிரண்டு நாள் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று மாதத்துக்கு ஒரு நாளாக வருஷம் முழுக்கப் பரவிவிட்டது. மண்டி முதலாளி காலையில் பிரின்ட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, டிசம்பர் நாலாந்தேதி யாவாரத்தை நான் இப்பவே பண்ணிட்டனுங்களா? அப்பிடின்னா மஞ்ச அன்னிக்கு என்ன வெலைக்குப் போச்சுன்னு சொல்லுங், இன்னைக்கே வாங்கிப் போட்டுக்கறேன்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

தம்பியைத் திட்டினேன், பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. உங்கள் எரர் மெசேஜ் அவனுக்குக் கொடுத்த யோசனைகளில் ஒன்று, ஃபார்மட்டுக்கு மிக்ஸ்டு என்று கொடு, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகித்துக்கொள்கிறேன் என்பது. டேஃபர்ஸ்ட்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று அதிலேயே சொல்கிறீர்கள், உண்மைதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு வாக்கியத்தின் இரண்டாம் பாதியை யார் படிப்பார்கள்? அவன் மிக்ஸ்டு என்று மட்டும் கொடுத்திருந்தால் நேராக 2022-க்கே திரும்பியிருப்போம், பன்னிரண்டு நாள் திரிந்து, பதினெட்டு நாள் சரியாகி, மொத்தத் தொகை மட்டும் கச்சிதமாகப் பொருந்தி. அதைக் கண்டுபிடிக்க இன்னும் நாளாகியிருக்கும்.

சி.எஸ்.வி. ஃபைலைத் திறக்கும் பாண்டாஸின் ரீட் சி.எஸ்.வி. ஃபங்ஷன் பற்றி ஒரு வரி மட்டும். அதில் பார்ஸ் டேட்ஸ் என்று சொல்லிக் கொடுத்த நெடுவரிசையைத் தேதியாக மாற்ற முடியாவிட்டால் எரர்கூட இல்லை, எழுத்தாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதை வரிசைப்படுத்தினால் 01/12 முன்னால் வந்து 02/01 பின்னால் நிற்கும். சரி, அது வேறு சண்டை.

டேட்யூட்டில்காரர்களே, உங்களிடம் எனக்கு உள்ள குறை வேறு விதம். முதியோர் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிற வேலை வந்தது, வயதுச் சான்று பார்த்து உதவித்தொகைக்குத் தகுதியானவர்களைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. பழைய ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள், நிறையப் பேருக்கு பிறந்த ஆண்டு என்று போட்டு 1957 என்று நான்கு எண் மட்டும் இருக்கும். அதுதான் அவர்களிடம் இருக்கிற முழு உண்மை. உங்கள் பார்ஸ் ஃபங்ஷனில் அந்த 1957-ஐக் கொடுத்தால் மாதமும் நாளும் இன்றையதாகப் போட்டு ஒரு முழுத் தேதி வருகிறது. நாளைக்கு ஓட்டினால் நாளைய தேதி. அந்தப் பட்டியலில் ஆண்டு மட்டும் தெரிந்த எல்லாப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் தினமும் பிறந்தநாள்.

நாங்கள் இதைக் கண்டுபிடித்த விதம்கூடச் சிரிப்புதான். நேற்றைய பட்டியலோடு இன்றையதை ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் மேலே அனுப்பும் ஏற்பாடு. தினமும் அதே ஆட்கள், மாறிவிட்டார்கள் மாறிவிட்டார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. வாங்குகிற அலுவலகத்தில் ஒருவர், உங்கள் ஊரில் முதியவர்கள் அடிக்கடி பிறப்பார்களா என்று மெயில் எழுதினார். அறுபது முடிந்ததா என்று பார்க்கிற இடத்தில் இதன் விளைவு சிரிப்பு இல்லை. ஆண்டு கணக்குப்படி அந்த வருஷம் அறுபது ஆகிற எல்லாரும், ஸ்கிரிப்ட்டை ஜனவரியில் ஓட்டினாலும் ஜூலையில் ஓட்டினாலும், ஓட்டிய அன்றே அறுபது முடித்தவர்களாகிறார்கள். யாருக்கு எப்போது பணம் என்பதை ஒரு சர்வரின் கடிகாரம் முடிவு செய்தது.

விட்டுப்போன பகுதியை எதை வைத்து நிரப்புவது என்று சொல்லும் ஆர்கியுமென்ட்டின் பெயரே டீஃபால்ட் என்பதும், அதற்கு எதுவும் கொடுக்காவிட்டால் அதன் டீஃபால்ட் இன்றைய நள்ளிரவு என்பதும் நிரலைத் திறந்தால் தெரிகிறது, மறைக்கவில்லை. அது எதற்காக வந்திருக்கும் என்றும் புரிகிறது. 10:30 என்று கொடுத்தால் இன்றைக்குப் பத்தரை, வியாழன் என்றால் வருகிற வியாழன், மீட்டிங் வைக்க நல்ல வசதி. நேரம் இல்லாதபோது நள்ளிரவு என்று வைப்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆண்டை மட்டும் கொடுத்தவனுக்கு நாளையும் மாதத்தையும் நீங்களே கொடுப்பது, பாதிக் கையெழுத்துப் போட்டவருக்கு மிச்சத்தை குமாஸ்தா போட்டுக் கொடுப்பது மாதிரி. பக்கத்து வீட்டைப் பாருங்கள், பாண்டாஸில் பிப்ரவரி 2023 என்று கொடுத்தால் பிப்ரவரி 1 என்றுதான் வரும், எந்த நாளில் ஓட்டினாலும் அதே விடை. அதுவும் ஊகம்தான், ஆனால் தினம் மாறாத ஊகம்.

இந்தக் குறைகளைச் சொல்லும் போதெல்லாம் கிடைக்கும் பதில் தெரியும். ஃபார்மட்டைக் கொடுத்தால் போச்சு. ஆமாம், 2022 ஜூன் 17-இலிருந்து நான் கொடுக்கிறேன், எங்கள் கம்பெனியில் ஃபார்மட் இல்லாத டு டேட்டைம் இருந்தால் ரிவ்யூவிலேயே நிற்கும். ஆனால் டீஃபால்ட் என்பது தெரிந்தவனுக்காக வைத்தது இல்லை. தெரிந்தவன் எல்லாவற்றையும் கைப்பட எழுதுவான். ஆர்கியுமென்ட் ஒன்று இருப்பதே தெரியாதவனுக்கு என்ன நடக்கும் என்பதுதான் டீஃபால்ட். எக்செல்லில் வேலை செய்து பழகி, பாண்டாஸ் கற்றுக்கொண்டு, முதல் தடவையாகத் தன் ஆபீஸ் ஃபைலைத் திறக்கிற ஒரு கணக்கருக்கு என்ன நடக்கும் என்பதுதான். எக்செல்லாவது, அமெரிக்க செட்டிங்கில் இருக்கிற கம்ப்யூட்டரில் நம் ஃபைலைத் திறந்தால் திரிந்த தேதியெல்லாம் வலது பக்கம் ஒட்டிக்கொண்டும் நாள் 12-க்கு மேற்பட்டவை எழுத்தாக இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டும் நிற்கும், பார்த்தவுடன் ஏதோ கோணல் என்று கண்ணுக்குத் தெரியும். உங்களிடம் அந்த இடம் வலம்கூடக் கிடையாது.

சரி, அப்படியென்றால் டீஃபால்ட்டை ட்ரூ என்று மாற்றச் சொல்கிறாயா என்று கேட்டால், இல்லை. இந்தியா, பிரிட்டன், பிரேசில் எல்லாம் நாளை முதலில் எழுதுகிறது என்பதற்காக மினசோட்டாவில் ஒரு நர்ஸ் இதே போனைச் செய்யவேண்டுமா? ஒரு ஊகத்துக்குப் பதில் இன்னொரு ஊகம் எனக்கு வேண்டாம். தவிர, ட்ரூ என்று வைத்தாலும் உங்கள் ட்ரூ கறாரான ட்ரூ இல்லை. 04/25/2023 வந்தால் அதையும் ஏப்ரல் 25 என்று படித்துவிடுகிறது பாண்டாஸ், ஒரு வார்னிங்கோடு. டேட்யூட்டிலில் டேஃபர்ஸ்ட் ட்ரூ என்று கொடுத்து 2023-04-05-ஐப் படித்தால் மே 4 வருகிறது. ஆண்டு, நாள், மாதம் என்ற வரிசையில் தேதி எழுதுகிற மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆண்டு முதலில் வந்தால் அடுத்தது மாதம் என்பது 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தேதித் தரத்தின் காலத்திலிருந்து ஊரறிந்த விஷயம்.

இந்த டீஃபால்ட்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் பேசவில்லை. டேட்யூட்டில் 2003-ஆம் ஆண்டுச் சரக்கு. பாண்டாஸ் 2008-இல் ஒரு அமெரிக்க நிதி நிறுவனத்தின் உள்ளே வெஸ் மெக்கின்னி தொடங்கியது. அங்கே எல்லா ஃபைலிலும் மாதம் முதலில்தான் இருந்திருக்கும், அங்கே அது ஊகமே இல்லை, வழக்கம். டேஃபர்ஸ்ட் என்ற பெயரையே பாண்டாஸ் டேட்யூட்டிலிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது, ஆகவே இவரைக் கேட்டால் அவரைக் கைகாட்டலாம், அவரைக் கேட்டால் இவரை. அதற்காகத்தான் இருவருக்கும் சேர்த்து ஒரே மடல். ஒரு ஆபீசுக்குள் இருந்த வழக்கம் உலகத்துக்கே டீஃபால்ட் ஆனபோது யாரும் நின்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. உங்களில் பலர் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். உங்கள் நிரலை வைத்துத்தான் நாங்கள் ஏழு பேரும் சாப்பிடுகிறோம்.

மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பைத்தானே மாறுகிறது. ஆண்டைச் சொல்லாமல் மாதத்தையும் நாளையும் மட்டும் கொடுத்தால், பைத்தானிலேயே தேதி படிக்க இருக்கிற எஸ்.டி.ஆர்.பி. டைம் ஃபங்ஷன் இவ்வளவு காலமும் 1900 என்று தானாகப் போட்டுக்கொண்டது. 1900 லீப் வருஷம் இல்லை, பிப்ரவரி 29 வந்தால் மண்டையைப் போட்டுவிடும். பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து அப்படிக் கொடுத்தால், இது இனி ஆகாது என்று எச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆர் மொழிக்காரர்கள் லூப்ரிடேட் நூலகத்தில் நாள் முதலில் வந்தால் ஒரு ஃபங்ஷன், மாதம் முதலில் வந்தால் இன்னொன்று என்று பெயரிலேயே பிரித்து வைத்தார்கள். கூப்பிடும்போதே எது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கோ மொழியில் ஃபார்மட் கொடுக்காமல் தேதியைப் படிக்கவே முடியாது. பைத்தானை நிறுவிய எவரும் திஸ் என்பதை இம்போர்ட் செய்தால் திரையில் ஓடும் வரிகளில், தெளிவில்லாத இடத்தில் ஊகிக்கும் சபலத்தை விடு என்பதும் ஒன்று. அதை நான் உங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

கேட்பது இவைதான். பாண்டாஸில் டேஃபர்ஸ்ட்டின் டீஃபால்ட் ஃபால்ஸாக இருக்கவேண்டாம், நன் என்று இருக்கட்டும், அதாவது யாரும் எதுவும் சொல்லவில்லை என்று. ஃபார்மட்டும் இல்லை, டேஃபர்ஸ்ட்டும் இல்லை, வந்த தேதியை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்றால், முதலில் வார்னிங் கொடுங்கள், அடுத்த பெரிய பதிப்பில் அதையே எரர் ஆக்குங்கள். எப்படியும் ஃபார்மட்டை முடிவு செய்ய முதல் மதிப்பைப் பிரித்துப் பார்க்கிறீர்கள், முதல் இரண்டு எண்ணும் 12-க்குள் இருந்து, இரண்டும் வேறு வேறாக இருக்கிறதா என்று பார்ப்பதால் வேகம் ஒன்றும் குறையாது. 23/05 மாதிரி ஒரே அர்த்தம் உள்ளவற்றுக்குக் கொடுக்கிற வார்னிங்கை எடுத்துவிடுங்கள், அந்தச் சத்தம்தான் எங்களை ஏமாற்றியது.

ட்ரூ என்று யாராவது சொன்னால் அது ட்ரூவாக இருக்கட்டும், ஃபால்ஸ் என்று வாயைத் திறந்து சொன்னால் அதுவும் அப்படியே. பொருந்தாத தேதி வந்தால் நைசாகத் திருப்பிப் படிக்காமல் எரர் கொடுங்கள். மிக்ஸ்டு கேட்பவர் டேஃபர்ஸ்ட் சொல்லாவிட்டால் ஓடவே விடாதீர்கள்.

டேட்யூட்டிலில், ஆண்டு, மாதம், நாள் மூன்றில் ஏதாவது விட்டுப்போயிருந்து, டீஃபால்ட் ஆர்கியுமென்ட்டையும் யாரும் கொடுக்கவில்லை என்றால் எரர் வரவேண்டும். இன்றைய தேதி வேண்டுமென்றால் இன்றைய தேதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பழைய நிரல்கள் எல்லாம் உடையும் என்று பயந்தால், கறாராகப் படிக்கிற ஒரு தனி ஃபங்ஷனாவது கொடுங்கள். எழுத்தில் உண்மையாக எந்தெந்தப் பகுதி இருந்தது என்று சொல்கிற ஒரு பொது வழியும் வேண்டும், 1957 என்று வந்தால் ஆண்டு மட்டும்தான் தெரியும் என்று எங்கள் டேட்டாபேஸில் எழுதிவைக்க அது ஒன்றுதான் வழி. ஆண்டு முதலில் வந்த தேதியில் டேஃபர்ஸ்ட் தலையிடவே கூடாது.

இவற்றில் எதைச் செய்யமுடியும், எந்தப் பதிப்பில் என்று பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அந்த ஆர்கியுமென்ட்டுக்குப் பக்கத்திலேயே, ஆவணத்தின் முதல் உதாரணத்துக்கு மேலே எழுதிவையுங்கள். நிரலும் டெஸ்ட்டும் எழுதித் தர நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், கோயர்ஸ் போட்ட அந்தத் தம்பியும் நானும். முதல் டெஸ்ட்டுக்கு 05/06/2022-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எரர் வரவேண்டும்.